கோழியும் முதலையும் சொல்லும் டைனோசர் கதை

கோழியின் முழங்கால் எங்கே இருக்கிறது? வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், மஞ்சள் செதில் கால் முடிந்து இறகு தொடங்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள். அங்கே ஒரு மூட்டு பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. நமக்கெல்லாம் முழங்கால் முன்னால் துருத்தும்போது கோழிக்கு மட்டும் ஏன் பின்னால் துருத்துகிறது?

விடை கறிக்கடையில் இருக்கிறது. உரித்த கோழியின் காலைக் கடைக்காரர் இரண்டாக வெட்டுகிறார். மேலே சதைப்பற்றான தொடைத் துண்டு, கீழே எல்லோரும் கேட்டு வாங்கும் லெக் பீஸ். இரண்டும் சேரும் மூட்டுதான் முழங்கால். நம்முடையதைப் போலவே அதுவும் முன்பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது. ஆனால் உடம்போடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. லெக் பீஸைக் கடிக்கும்போது பெரிய எலும்பின் பக்கத்தில் ஊசிபோல ஒரு மெல்லிய எலும்பு தட்டுப்படுமே, அது நம் கெண்டைக்காலிலும் இருக்கும் வெளிப்புற எலும்பு. கோழியில் அது மெலிந்து பாதியில் முடிந்துவிடுகிறது. அப்படியானால் நாம் முழங்கால் என்று நினைத்த அந்தப் பின்மூட்டு? அது கணுக்கால். அதற்குக் கீழே உள்ள மஞ்சள் தண்டு, ஒன்றாக ஒட்டிப்போன பாத எலும்புகள். கோழி வாழ்நாள் முழுவதும் குதிகாலைத் தூக்கி விரல்களால் மட்டுமே நடக்கிறது.

இப்போது இதே எலும்புகளை இதே வரிசையில் பல மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். தொடை எலும்பு, நீண்ட கெண்டைக்கால் எலும்பு, பக்கத்திலேயே மெலிந்த துணை எலும்பு, தரையிலிருந்து வெகு உயரத்தில் கணுக்கால், நீண்ட பாத எலும்புகள், முன்னோக்கி மூன்று விரல்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பாறைகளிலிருந்து வெட்டியெடுத்த டைரனோசரஸ் ரெக்ஸின் கால் இது. அல்லோசரஸுக்கும், கோழி அளவே உடம்புள்ள சின்ன டைனோசர்களுக்கும் அடிப்படை அமைப்பு இதுதான். இரண்டு காலில் நடந்த இந்தக் குலத்தைத் தொல்லுயிரியலாளர்கள் தெரோபாடு என்கிறார்கள். தமிழில் விலங்குக்காலிகள் எனலாம். இவை 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன. பெரும்பாலானவை ஊன் தின்றன, சில கிளைகள் பிற்காலத்தில் இலைதழைக்கு மாறின. ஒரு கிளை இன்றும் நம் கொல்லையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

கோழியும் டைனோசரும் உறவு என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அந்த உறவைக் கருவியாகப் பயன்படுத்தி எலும்பிலிருந்து எப்படி உண்மையைக் கறக்கிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திரைப்படங்கள் டைனோசரைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியில்தான் இந்த அறிவியலின் அழகு முழுவதும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நிற்பதிலிருந்தே தொடங்கலாம். பார்னம் பிரவுன் 1902இல் மொன்டானாவில் தோண்டியெடுத்த எலும்புகளுக்கு, 1905இல் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்போர்ன் டைரனோசரஸ் ரெக்ஸ் என்று பெயரிட்டார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1915இல் அந்த இனத்தின் எலும்புக்கூடு ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியது. முதுகு செங்குத்தாக நிமிர்ந்து, வால் தரையில் கிடந்தது. பல பத்தாண்டுகள் புத்தகப் படம், பொம்மை, சினிமா எல்லாம் அதையே பின்பற்றின. நம்மில் பலர் சிறுவயதில் வரைந்த டைனோசரும் அப்படித்தான் நின்றிருக்கும்.

அந்த நிலை எலும்புகளுக்கே பொருந்தவில்லை. 1970இல் பி. எச். நியூமன் என்ற ஆய்வாளர் இடுப்பு மூட்டையும் முதுகெலும்புத் தொடரையும் பொருத்திப் பார்த்து, டைரனோசரஸின் முதுகு தரைக்கு ஏறக்குறைய இணையாகத்தான் இருந்திருக்கும் என்று எழுதினார். காலடித் தடங்களும் அதையே சொன்னன. ஈரச் சேற்றில் பதிந்து பாறையாக இறுகிய மூவிரல் தடங்கள் உலகின் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. ஒரு காலடிக்கு நேர் முன்னால் அடுத்த காலடி விழுகிறது. ஆனால் நடுவே வால் இழுபட்ட கோடு மிக அரிதாகத்தான் தென்படுகிறது. பல டன் எடையுள்ள விலங்கு வாலை இழுத்துக்கொண்டு சேற்றில் நடந்திருந்தால் அந்தக் கோடு தப்பவே தப்பாது. ஆக, வால் காற்றில்தான் இருந்தது. தராசைப் போல, இடுப்பை நடுவாக வைத்து முன்னால் கனத்த தலையும் மார்பும், பின்னால் நீண்ட வாலும் ஒன்றையொன்று சமன்செய்தன. நியூயார்க் அருங்காட்சியகமும் 1990களில் தன் எலும்புக்கூட்டைப் பிரித்து இந்த நிலையில் மறுபடி நிறுத்தியது.

வால் எடைக்கல்லாக மட்டும் இருக்கவில்லை. தெரோபாடுகளின் தொடை எலும்பின் பின்புறம் சொரசொரப்பான ஒரு மேடு உண்டு. தசை பற்றிய தழும்பு அது. எந்தத் தசை? விடை முதலையிடம் இருக்கிறது. முதலையின் வாலடியிலிருந்து புறப்படும் ஒரு பெருந்தசை தொடை எலும்பின் இதே இடத்தில்தான் வந்து பற்றிக்கொள்கிறது. அது சுருங்கும்போது கால் பின்னோக்கி இழுபட, உடல் முன்னே நகர்கிறது. ஆக, டைனோசரின் நடைக்கு உந்துவிசை வாலிலிருந்து கிடைத்தது. பறவைகளின் வால் சுருங்கியபோது அந்தத் தசையும் சிறுத்துப்போயிற்று. உடலின் எடைமையம் முன்னால் நகரவே, தொடை எலும்பைக் கிடைமட்டமாக மடக்கி முழங்காலிலிருந்து நடக்கும் பழக்கம் வந்தது. கோழியின் முழங்கால் நம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இந்த விளக்கத்தைச் சோதிக்க முடியுமா? சிலே நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பொரித்துச் சில நாளே ஆன கோழிக்குஞ்சுகளின் பின்புறத்தில் ஒரு மரக்குச்சியைச் செயற்கை வாலாகப் பொருத்தி, குஞ்சு வளர வளர வாலையும் மாற்றி வளர்த்தார்கள். அந்தக் கோழிகளின் தொடை எலும்பு வழக்கத்தைவிட நிமிர்ந்து நின்றது. முழங்காலைவிட இடுப்பிலிருந்தே அதிகமாகக் காலை வீசி நடந்தன. 2014இல் வெளியான அந்த ஆய்வின் காணொளியைப் பார்ப்பவருக்கு முதலில் சிரிப்பு வரலாம். ஆனால் எலும்பைப் பார்த்து ஊகித்த ஒரு நடையை உயிருள்ள உறவினரிடமே வரவழைத்துக் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தெளிவான சோதனைகள் அறிவியலில் அரிது.

மேலே முதலையும் கோழியும் மாறி மாறி வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அது தற்செயல் இல்லை. டைனோசர்களுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவுகள் இரண்டு: ஒருபுறம் முதலைகள், மறுபுறம் பறவைகள். வம்சக் கொடியில் டைனோசர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே வருகின்றன. முதலையிடமும் பறவையிடமும் ஒரு பண்பு இருந்தால், அது இரண்டுக்கும் பொதுவான மூதாதையிடமே இருந்திருக்க வேண்டும். எனவே நடுவே வரும் டைனோசரிடமும் இருந்திருக்கும். இரண்டுக்கும் இதயத்தில் நான்கு அறைகள். ஆக, டைனோசரின் இதயம் ஒன்றுகூட நம் கைக்குக் கிடைக்காவிட்டாலும் அதற்கும் நான்கு அறைகள் என்று துணிந்து சொல்லலாம். 1995இல் லாரன்ஸ் விட்மர் இந்த முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார். இதை இருகரைச் சான்று என்று அழைக்கிறேன். இரு கரையிலும் இருப்பது நடுவிலும் இருக்கும். ஒரு கரையில் மட்டும் இருந்தால்? அப்போது இந்த முறை பேசாது, பாறையிலிருந்தே நேரடிச் சான்று வந்தாக வேண்டும். இறகு அப்படிப்பட்ட கேள்வி. பறவைக்கு உண்டு, முதலைக்கு இல்லை. அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் எலும்பை அறுத்துப் பார்ப்போம். புதைபடிவ எலும்பிலிருந்து கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சீவலை வெட்டித் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் கல்லுக்குள் கிடந்த பிறகும் ரத்தக் குழாய்கள் ஓடிய துளைகள், எலும்புச் செல்கள் குடியிருந்த நுண்குழிகள் எல்லாம் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே வளையங்கள். ஆண்டில் ஒரு பருவத்தில் வளர்ச்சி நிதானப்படும்போது எலும்பில் ஒரு கோடு விழுகிறது. வயது தெரிந்த முதலை இனங்களின் எலும்பிலும் ஆண்டுக்கு ஒன்றாக இந்தக் கோடுகள் விழுவதைப் பார்த்த பிறகுதான், டைனோசரிலும் அவற்றை ஆண்டுக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் எண்ணுவது அவ்வளவு எளிதல்ல. எலும்பு வளர வளர அதன் உட்புறத்தை மஜ்ஜைக் குழி அரித்துக்கொண்டே போகும். குட்டிப் பருவத்து வளையங்கள் அதோடு அழிந்துவிடும். தொடை எலும்பை மட்டும் அறுத்து எண்ணினால் வயது குறைவாகவே வரும். அதனால் விலா எலும்பு, கெண்டைக்காலின் துணை எலும்பு போல உட்குழி சிறிதாக உள்ள எலும்புகளைத் தேடுகிறார்கள். அதே இனத்தின் சிறிய விலங்குகளை வைத்து அழிந்த வளையங்களையும் கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள். 1990இல் தெற்கு டக்கோட்டாவில் சூ ஹென்ட்ரிக்சன் கண்டெடுத்து, இன்று சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் 'சூ' என்ற டைரனோசரஸ் சுமார் 12 மீட்டர் நீளம். கிரெக் எரிக்சன் குழு 2004இல் வெளியிட்ட கணக்கின்படி அது இறந்தபோது வயது 28. பதின்வயதில் இந்த இனம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ வீதம் எடை போட்டது என்றும் அதே ஆய்வு சொன்னது. அறுக்கும் எலும்பையும் எண்ணும் முறையையும் பொறுத்து இந்த எண்கள் சற்றே மாறுவது உண்டு. எப்படியானாலும், மெல்ல மெல்ல வளர்ந்து நூறாண்டு வாழ்ந்த பெரும்பல்லி என்ற பழைய சித்திரம் இந்த வளையங்களால் உடைந்துபோனது.

வளையங்கள் வயதோடு நிற்பதில்லை. வளர்ச்சி நின்றுவிட்டால் வெளி விளிம்பில் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு விழும். இது ஒரு நீண்ட தகராறைத் தீர்க்க உதவியிருக்கிறது. மொன்டானாவில் கிடைத்த ஒரு சிறிய மண்டையோட்டை வைத்து 1988இல் நானோடைரனஸ் என்ற தனி விலங்கு அறிவிக்கப்பட்டது. இல்லை, அது வளராத டைரனோசரஸ் குட்டிதான் என்று மறுத்தவர்கள்தான் பல ஆண்டுகள் பெரும்பான்மை. ட்ரைசெராடாப்ஸ் என்ற கொம்பு டைனோசர் ஒன்றோடு சேர்ந்தே புதைந்து கிடைத்த, ஏறத்தாழ முழுமையான ஓர் எலும்புக்கூட்டை லிண்ட்சே ஸானோவும் ஜேம்ஸ் நபோலியும் ஆராய்ந்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். வெளி விளிம்பில் கோடுகள் நெருங்கியிருந்தன. ஏறத்தாழ 20 வயது, வளர்ச்சி முடிந்த விலங்கு. வாலில் முதுகெலும்புக் கண்ணிகள் டைரனோசரஸைவிடக் குறைவு. உடம்பு சிறிது, கைகள் பெரிது. கண்ணிகளின் எண்ணிக்கை கருவிலேயே முடிவாகிவிடும், வளரும்போது கூடாது. வளர வளர ஒரு விலங்கின் கை எலும்பு சுருங்கவும் செய்யாது. இத்தனையும் சேர்ந்துதான் வழக்கைத் தனி இனத்தின் பக்கம் சாய்த்தன. குட்டி டைரனோசரஸ் என்று நம்பி எழுதிய பல ஆய்வுகளை இப்போது திரும்பப் புரட்ட வேண்டியிருக்கிறது.

எலும்புச் சீவலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அது. முட்டையிடும் பருவத்தில் கோழியின் கால் எலும்புக்குள், மஜ்ஜைக் குழியின் சுவரில் தற்காலிகமாக ஓர் எலும்புப் படலம் வளர்கிறது. முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தின் கையிருப்பு அது. ஓடு உருவாகும்போது இதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது உடம்பு. முட்டைக் காலம் முடிந்தால் படலமும் மறைந்துவிடும். சேவலிடம் இது இயல்பாக வளர்வதில்லை. 2005இல் மேரி ஸ்வைட்சரும் ஜாக் ஹார்னரும் இடம்பெற்ற குழு, மொன்டானாவில் கிடைத்த ஒரு டைரனோசரஸின் தொடை எலும்புக்குள் இதே போன்ற படலத்தைக் கண்டது. நோயாலும் இப்படி எலும்பு வளரலாமே என்று கேள்வி எழுந்தது. 2016இல் வேதிச் சோதனை செய்து, முட்டையிடும் பறவைகளின் படலத்துக்கே உரிய ஒரு பொருள் அதில் இருப்பதைக் காட்டினார்கள். இறந்தபோது அது பெண், சினைப்பருவத்தில் இருந்தது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் செத்த ஒரு விலங்கைப் பற்றி இதைச் சொல்ல முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இனி சாப்பாடு. கத்தி போன்ற பல், விளிம்பில் அரம்போல் பற்கூர், இதைப் பார்த்தாலே ஊன் தின்றது தெரியும். ஆனால் வேட்டையாடித் தின்றதா, செத்துக் கிடந்ததைத் தின்றதா? 1990களில் ஹார்னர் இந்தக் கேள்வியை உரக்க எழுப்பினார். சின்னக் கைகள், மோப்பத்துக்கு ஒதுக்கிய பெரிய மூளைப்பகுதி இவற்றைச் சுட்டி, டைரனோசரஸ் பிணந்தின்னியாக இருந்திருக்கலாம் என்றார். இரை விலங்கின் எலும்பில் பல் தடம் இருப்பது மட்டும் இதற்கு விடையாகாது. பிணத்தைக் கடித்தாலும் அதே தடம்தான் விழும்.

விடை ஆறிய புண்ணில் கிடைத்தது. தெற்கு டக்கோட்டாவில் கிடைத்த வாத்துவாய் டைனோசர் ஒன்றின் வால் எலும்பில் இரண்டு கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நடுவே டைரனோசரஸ் பல் ஒன்று உடைந்து புதைந்திருந்தது. 2013இல் வெளியான ஆய்வு கவனித்தது பல்லை மட்டுமல்ல, அதைச் சுற்றி எலும்பு புதிதாக வளர்ந்து மூடியிருந்ததையும்தான். செத்த உடம்பில் எலும்பு வளராது. பின்னாலிருந்து பாய்ந்து வாலைக் கவ்வியது டைரனோசரஸ், இரை உதறித் தப்பியது, பல் உடைந்து உள்ளேயே தங்கியது, புண் ஆறி நெடுநாள் வாழ்ந்தது. தோற்றுப்போன ஒரு வேட்டை, வேட்டை நடந்தது என்பதற்கே சான்றாகிவிட்டது. பிணம் கிடைத்தால் இந்த விலங்கு விட்டிருக்காது என்பதும் நிச்சயம். இன்றைய சிங்கமும் கழுதைப்புலியும் இரண்டையும்தானே செய்கின்றன?

சரி, டைரனோசரஸ் எப்படிக் கடித்தது? கனடாவின் சஸ்காட்சுவானில் 44 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மலப்படிவம் கிடைத்தது. கேரன் சின் குழு 1998இல் அதை ஆராய்ந்தபோது, உள்ளே நொறுங்கிய எலும்புத் துணுக்குகள் ஏராளமாக இருந்தன. இளம் தாவர உண்ணி டைனோசர் ஒன்றின் எலும்புகள் அவை. கிடைத்த இடமும் அளவும் டைரனோசரஸைக் காட்டின. முதலை எலும்பை நொறுக்கி மெல்லுவதில்லை, பிய்த்து விழுங்கும். இந்த விலங்கோ எலும்பைத் தூளாக்கி உள்ளே தள்ளியிருக்கிறது. 2012இல் வெளியான ஒரு கணினிக் கணக்கு, இதன் பின்பற்கள் இறங்கும் விசை 35,000 நியூட்டனுக்குக் குறையாது என்றது. மூன்றரை டன் எடையை ஒரு பல்லின் மேல் வைத்தது போன்ற அழுத்தம்.

எல்லா வயதிலும் அப்படியில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், டைரனோசரஸின் உறவினமான கோர்கோசரஸ் ஒன்று ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இறந்து புதைந்திருந்தது. அதன் விலாக்கூட்டுக்குள் சம்பந்தமில்லாத சின்னக் கால் எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. சிட்டிபெஸ் என்ற, வான்கோழி அளவே உள்ள இரண்டு குஞ்சு டைனோசர்களின் பின்னங்கால்கள் அவை. 2023இல் வெளியான இந்த ஆய்வு காட்டியது ஒரு விலங்கின் கடைசிச் சாப்பாட்டை. முழு இரையையும் விழுங்காமல் சதைப்பற்றான கால்களை மட்டும் பிய்த்து உண்டிருக்கிறது. மெலிந்த தாடையும் நீண்ட காலும் உள்ள இளம் பருவத்தில் ஓடும் சிறு இரை, தலை கனத்து வளர்ந்த பின் பெரிய தாவர உண்ணிகள். குட்டியும் தாயும் ஒரே காட்டில் ஒன்றுக்கொன்று போட்டியில்லாமல் வாழ்ந்திருக்கலாம்.

எலும்பைத் தவறாகப் படித்த கதையும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1923இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் குழு மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் ஒரு முட்டைக் கூட்டைக் கண்டது. அதன்மேல் பல்லில்லாத, கிளி மூக்கு போன்ற அலகுள்ள ஒரு தெரோபாடு கிடந்தது. முட்டைகள் புரோட்டோசெராடாப்ஸ் என்ற வேறு டைனோசருடையவை, இது திருட வந்து மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி, 1924இல் ஆஸ்போர்ன் அதற்கு முட்டைத் திருடன் என்றே பொருள்படும் ஓவிராப்டர் என்ற பெயரை வைத்தார். எழுபது ஆண்டுகள் அந்தப் பழி நின்றது. 1993இல் மார்க் நோரெல் குழு அதே பாலைவனத்தில் அதே வகை முட்டை ஒன்றைக் கண்டது. அதற்குள் கரு இருந்தது, ஓவிராப்டர் குலத்துக் கரு. அடுத்து வெளியான ஒரு படிவத்தில், முட்டைகள் வட்டமாக அடுக்கிய கூட்டின் நடுவே ஒரு தெரோபாடு கால்களை மடக்கி உட்கார்ந்து, இரு கைகளையும் முட்டைகளின் மேல் விரித்த நிலையிலேயே மணலில் புதைந்திருந்தது. அடைகாக்கும் பறவையின் அமர்வு அப்படியே. திருடன் என்று பேர் வாங்கியது பெற்றோர். பெயர்சூட்டும் விதிப்படி ஓவிராப்டர் என்ற பெயரை மட்டும் மாற்ற முடியாது.

முட்டையைக் காத்தது என்பதற்கு இருகரைச் சான்றும் துணைநிற்கிறது: முதலை தன் கூட்டுக்குக் காவல் இருக்கிறது, பறவை அடைகாக்கிறது. ஆனால் முன்பே சொன்னபடி இறகுக்கு அந்தத் துணை கிடையாது. சீனாவின் லியாவோனிங் மாநிலத்தில் எரிமலைச் சாம்பலோடு படிந்த ஏரிக்களிமண் அந்தச் சான்றைத் தந்தது. 1996இல் அங்கிருந்து அறிவிக்கப்பட்ட சைனோசரோப்டெரிக்ஸ் என்ற சிறு தெரோபாடின் முதுகிலும் வாலிலும் பஞ்சுபோன்ற இழைகள் ஓரம் கட்டியிருந்தன. 2012இல் அதே மாநிலத்திலிருந்து யூடைரனஸ்: 9 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை, உடம்பில் நீண்ட இழை இறகுகள். மங்கோலியாவின் வெலாசிராப்டருக்கு இறகின் படிவம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 2007இல் அதன் முன்கை எலும்பில் சம இடைவெளியில் சிறு முண்டுகள் இருப்பதைக் கவனித்தார்கள். பல பறவைகளின் முன்கை எலும்பில் சிறகின் அடித்தண்டு பற்றிக்கொள்ளும் இடத்திலும் இதே முண்டுகள் உண்டு. இறகு அழிந்தது, அது பற்றியிருந்த இடம் எலும்பில் மிஞ்சியது.

நிறம் தெரியவே தெரியாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். புதைபடிவ இறகுகளில் மின்னணு நுண்ணோக்கி காட்டிய நுண்ணிய உருண்டைகளையும் நீள்குச்சிகளையும், அழுகலைத் தின்ற பாக்டீரியா என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2008இல் யாக்கோப் வின்தர் அவை பாக்டீரியா அல்ல, மெலனின் என்ற நிறமியைச் சுமக்கும் நுண்பைகள் என்று வாதிட்டார். கோடு போட்ட ஒரு இறகுப் படிவத்தில் அவை கருத்த பட்டைகளில் மட்டுமே இருந்தன, வெளிறிய பட்டைகளில் இல்லை. பாக்டீரியா அப்படிப் பட்டை பார்த்து உட்காருமா? இன்றைய பறவைகளில் நீள்குச்சி வடிவப் பை கறுப்பையும், உருண்டைப் பை செம்பழுப்பையும் தருகிறது. இந்த அளவுகோலை வைத்து 2010இல் சைனோசரோப்டெரிக்ஸின் வாலைப் படித்தார்கள். செம்பழுப்பும் வெளிறியதுமாக மாறி மாறி வளையமிட்ட வால் அது.

இவையெல்லாம் அமெரிக்காவிலும் சீனாவிலும் கோபியிலும் நடந்தவை. நம் நிலத்தின் தெரோபாடுகள் வேறு கிளையைச் சேர்ந்தவை. ஜபல்பூரின் பாறா சிம்லா குன்றில் கிடைத்த எலும்புகளை வைத்து 1933இல் ஃபிரெட்ரிக் வான் ஹ்யூனும் சார்லஸ் மேட்லியும் இந்தோசூகஸ், இந்தோசரஸ் என்று பெயரிட்டார்கள். குஜராத்தின் ரஹியோலியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1980களில் சேகரித்த எலும்புகளிலிருந்து, 2003இல் ஜெஃப்ரி வில்சன், பால் செரெனோ, சுரேஷ் ஸ்ரீவஸ்தவா முதலானோர் ராஜாசரஸ் நர்மதென்சிஸை அறிவித்தார்கள். நீளம் குறைந்த முகம், நெற்றியில் ஒற்றைக் குட்டைக் கொம்பு. இதன் நெருங்கிய உறவுகள் டைரனோசரஸின் வட அமெரிக்காவில் இல்லை, மடகாஸ்கரின் மஜுங்காசரஸும் தென்னமெரிக்காவின் கார்னோடாரஸும்தான் அவை. இந்தியா, மடகாஸ்கர், தென்னமெரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்தின் சொந்தம் அது. கண்டங்கள் நகர்ந்ததற்குக் கொம்பும் கபாலமும்கூடச் சாட்சி சொல்கின்றன.

அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டுக்கும் இதில் இடம் உண்டு. டைனோசர் காலத்தின் கடைசி அத்தியாயத்தைச் சேர்ந்த பாறைகள் அவை. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசரஸ் என்று பெயரிட்டபோது, அதை ஊனுண்ணும் இருகாலி என்றே வகைப்படுத்தினார்கள். பிறகு, அது நீண்ட கழுத்துடைய நான்குகால் தாவர உண்ணி என்று ஆய்வாளர்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். அந்த எலும்புகள் சிதைந்து போய்விட்டன. படங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டுதான் இன்று அதன் அளவைப் பற்றி வாதம் நடக்கிறது. இது எனக்குத் தீராத வருத்தம்.

அதே கல்லமேட்டிலிருந்து 2013இல் இன்னொரு செய்தி வந்தது. அஞ்சலி கோஸ்வாமி, ஜி. வி. ஆர். பிரசாத் முதலானோர் மிகச் சிறிய ஒரு பல்லை விவரித்து, அது ட்ரூடான்டிட் என்ற தெரோபாடு குடும்பத்தைச் சேர்ந்தது என்றார்கள். மெல்லிய உடம்பும் உடம்புக்குப் பெரிய மூளையும் கொண்ட, பறவைகளுக்கு மிக நெருங்கிய குடும்பம் அது. அதுவரை வட அமெரிக்கா, ஆசியா போன்ற வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. பல் விளிம்பின் கூர்கள் எத்தனை, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்ற அளவுகளே அடையாளம். கோண்டுவானாவிலிருந்து பிரிந்து கடலில் தனித்து நகர்ந்துகொண்டிருந்த இந்தியத் தீவில் வடக்கு உறவு எப்படி வந்தது? கண்டங்கள் பிரியும் முன்பே அந்தக் குடும்பம் உலகெங்கும் பரவியிருந்ததா, பின்னர் கடல் தாண்டி வந்ததா? ஒரு பல் அந்த இரண்டில் எது என்று சொல்லாது. அதே பாறையிலிருந்து ஒரு தாடையோ கணுக்கால் எலும்போ கிடைத்தால் சொல்லும்.